வேங்கையனை வெட்டிய கை

கேட்க வந்ததை வந்தபடியே கேட்டுவிட முடியாத இடம் ஒன்று கொடுமுடிக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் இருந்தது. நாலைந்து ஓலைக் குடிசைகள், ஒரு கிணறு, ஒரு புளியமரம். அதற்கு மேல் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. இருந்தும் ஆட்கள் வந்தார்கள். மருதாசல அடிகளிடம் பேசினால் மனசு தெளியும் என்று யாரோ யாரிடமோ சொல்லியிருந்தார்கள்.

அடிகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். யாரைப் பற்றிக் குறை சொல்ல வந்தாலும், அந்த ஆளாகவே மாறி, ‘நான்’ என்று தொடங்கித்தான் சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஒரு முறை நெல் வியாபாரி ஒருவர் தம்பியைத் திட்டித் தீர்க்க வந்தார். “நான்தான் தம்பி. எங்கண்ணன் என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தி மூட்டை தூக்க விட்டாரு” என்று ஆரம்பித்தார். அடுத்த வாக்கியம் வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

குழந்தைவேலு வெளியாள் இல்லை. சீடர். அடிகளைவிட இருபது வயது மூத்த சீடர். பள்ளிபாளையத்தில் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவர். மனைவி ருக்குமணி போன பிறகு இங்கே வரத் தொடங்கினார். வாரத்தில் பாதி இங்கே, மீதி வீட்டில். வீட்டில் இருக்கும்போது அவர் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார் என்பது அடிகளுக்கு மட்டும் தெரியும்.

அன்று மத்தியானம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடிகள் மரத்தடியில் சின்னச் சுத்தியலால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலு எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி புளியை எடுத்துக்கொண்டார்.

“சாமி, முடிச்சுப்போட்டேனுங்க.”

“எதையுங்க?”

“அந்த விளையாட்டைத்தானுங்க.”

“பரவாயில்லையே! எத்தனை வாட்டி செத்தீங்க?”

“அதை ஏன் கேக்கறீங்க. சதுப்பு நிலம்னு ஒண்ணு வருது. அங்க மட்டும் ஆடி மாசம் பூராவும் செத்தேன். எங்க பாத்தாலும் முதலைங்க. தறியில இழை அறுந்தா முடிஞ்சுக்கலாம். இங்க ஒரு தப்படி வச்சா மறுபடியும் மொதல்ல இருந்து வரோணும்.”

அடிகள் சிரித்தார். குழந்தைவேலு சிரிக்கவில்லை.

அந்த விளையாட்டுக்குக் கதை எழுதியவள் அவருடைய ஒரே மகள் மேகலா. கனடாவில் அவளுக்கு அதுதான் வேலை. ராஜா, ராணி, மந்திரவாதி, பேய்ப்படை எல்லாம் வரும் பெரிய கதை. தமிழிலும் பேசும்படி செய்திருந்தார்கள். அம்மாவின் சாவுக்கு வந்து போனதிலிருந்து மேகலா அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. பொங்கலுக்கு ஒரு வரி, தீபாவளிக்கு ஒரு வரி. சித்திரையில் திடீரென்று அவளே அந்த விளையாட்டை அனுப்பிவைத்தாள். விளையாடிப் பாருங்கள், கடைசியில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வேலைக்காகத்தான் மனுஷர் அறுபத்தாறு வயதில் முதலைகளோடு மல்லுக்கட்டினார்.

“எனக்கு ஒண்ணு தெரியோணுங்க சாமி. அதுல வேங்கையன்னு ஒருத்தன் வர்றான். அவன்தான் வில்லன். கோட்டை வாசலைக் காக்கறேன்னு ராணிகிட்டச் சத்தியம் பண்ணிட்டு அதை மீறிட்டான். ராணி செத்துப்போயிட்டா. அவன் செஞ்ச துரோகத்துல நியாயம் ஏதாச்சும் இருந்துச்சா, இல்ல வெறும் சுயநலந்தானுங்களா?”

“விளையாட்டுல வர்றவனுக்காகவா இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தீங்க?”

குழந்தைவேலு கையிலிருந்த புளியைப் பார்த்தார்.

“அது வேங்கையன் இல்லீங்க சாமி. நானுங்க.”

அடிகள் தட்டுவதை நிறுத்தவில்லை.

“எப்படிச் சொல்றீங்க?”

“மீசை என்னோட மீசைங்க. அச்சா அப்படியே இருக்குது.”

“மீசை ஊர்ல பாதிப் பேருக்கு இருக்குதுங்க.”

“பேச்சும் என்னோட பேச்சுங்க. ‘அரசியின் நன்மைக்காகத்தான்’னு வாய்க்கு வாய் சொல்றான். இதையே நான் அம்மிணிகிட்ட, மேகலாகிட்டத்தானுங்க, போன்ல சொல்லியிருக்கேன். ‘உங்கம்மா நல்லதுக்குத்தான் கண்ணு’ன்னு.”

அடிகளுக்கு அந்த விஷயம் கொஞ்சம் தெரியும். முழுவதும் இன்றுதான் வந்தது. ருக்குமணி ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். நான் வருகிற வரைக்கும் அம்மாவை அங்கிருந்து எடுக்காதீர்கள் என்று மேகலா போனில் சொன்னாள். சரி என்றார். ருக்குமணி வாய் திறந்தால் வீடு, வீடு என்றாள். ஒரு நாள் காலையில் டாக்டர்கள் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார். மேகலா வந்து இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது.

“அவ கேட்டான்னு கூட்டிட்டு வந்தேனா, என்னால பாக்க முடியலைன்னு கூட்டிட்டு வந்தேனா? இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியலீங்க. அதைத்தான் பாப்பா கதையா எழுதிக் கேக்கறா. நியாயமா, சுயநலமான்னு.”

“கடைசியில என்ன செஞ்சீங்க?”

“கடைசியில அவன் மண்டி போட்டுட்டு உக்காந்திருக்கறானுங்க. வாள் நம்ம கையில. வெட்டலாம், இல்ல வாளைக் கீழ போட்டுட்டுத் திரும்பிப் போலாம். நம்ம இஷ்டம். அந்த இடத்துலயே ரொம்ப நேரம் நிறுத்தி வச்சிருந்தேன். போய்ச் சோறு தின்னுட்டு வந்தும் பாத்தேன். அப்படியே மண்டி போட்டுட்டு இருந்தான்.”

“அப்புறம்?”

“வெட்டிப்போட்டேனுங்க.”

புளியமரத்தில் அணில் ஒன்று கத்தி ஓய்ந்தது.

“பாப்பாவுக்கு எழுதினேன். ‘அவனை வெட்டிட்டேன் கண்ணு. ராணிக்குச் செஞ்ச துரோகத்துக்கு மன்னிப்பே கிடையாது. என்ன சாக்குச் சொன்னாலும் அவன் செஞ்சது சுயநலந்தான்’னு. எழுதி அனுப்புனதும் மனசு அப்படியே லேசாயிருச்சுங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தானுங்க. வேற யாருக்கு?”

அடிகள் அடுத்த புளியை எடுத்துத் தட்டினார்.

“அவ அதைப் பாத்துட்டாளுங்க. பாத்ததுக்கு நீலக் குறி விழுந்துருச்சு. பதிலே இல்ல. நானும் தெனம் எடுத்து எடுத்துப் பாக்கறேன். இந்த வயசுல, பெத்த புள்ளகிட்ட, கால்ல விழாத குறையா ஒத்துக்கிட்டேன். இதுக்கு மேல அவளுக்கு என்னங்க வேணும்?” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அடிகள் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“நம்ம வழக்கப்படி சொல்லுங்க.”

“எதைங்க?”

“வேங்கையன் கதையை. ‘நான்’னு ஆரம்பிச்சு.”

“நான்தான் அவன்னு சொல்லிட்டனே சாமி. எனக்கு அதுல என்ன சிரமம்?”

குழந்தைவேலு சம்மணத்தை மாற்றிப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் வேங்கையன். வடக்கு வாசல் என்னோட பொறுப்புல இருந்துச்சு. ராணிக்கு என்மேல பெத்த புள்ள மாதிரிப் பிரியம். ராணி படுத்த படுக்கை ஆயிட்டாங்க. வெளிய பேய்ப்படை கோட்டையைச் சுத்தி வளைச்சுட்டு நிக்குது. வாசலை விட்டு நகர மாட்டேன்னு ராணி கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன்.”

“ம்.”

“அவங்க சீக்குக்கு மூலிகை கடலுக்கு அந்தாண்ட இருக்குதுன்னு சொன்னாங்க. போயிட்டு உடனே வந்தர்றேன்னு கப்பல் ஏறினேன். அந்த நாட்டு ராசா எனக்குக் குதிரை குடுத்தான். வெள்ளிக் கவசம் குடுத்தான். சபையில பேர் சொல்லிக் கூப்பிட்டு உக்கார வச்சான். இங்க நான் வாசக்காவக்காரன். அங்க தளபதி. என் பேச்சுக்கு ஆயிரம் பேர் எந்திரிச்சு நின்னாங்க.”

அவர் குரல் தானாகவே மெதுவாயிற்று.

“மூலிகை கிடைச்ச அன்னிக்கே கெளம்பியிருக்கோணும். கெளம்பல. இந்தப் போர் ஒண்ணு முடியட்டும்னு இருந்தேன். கோட்டையில இருந்து ஓலை வந்துச்சு, ராணி உன்னையே கேக்கறாங்கன்னு. அடுத்த கப்பல்ல வர்றேன்னு பதில் எழுதினேன். அடுத்த கப்பலும் போயிருச்சு. நான் வந்து எறங்கறப்ப வடக்கு வாசல் தொறந்து கெடந்துச்சு. பேய்ப்படை உள்ள வந்துட்டுப் போயிருச்சு. ராணி கட்டில்ல யாரும் இல்ல. வெள்ளிக் கவசத்தோட நின்ன என்னைப் பாத்து எல்லாரும் துரோகின்னாங்க. நான்... அரசியின் நன்மைக்காகத்தான் போனேன்னு...”

பேச்சு அங்கே நின்றுவிட்டது.

ஒரு புளியங்கொட்டை உருண்டு குழந்தைவேலுவின் கால் பெருவிரலில் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சாமி.”

“சொல்லுங்க.”

“நான் எங்கயும் போகலீங்களே.”

“ஆமாங்க.”

“ஆஸ்பத்திரியிலயும் நான்தான் இருந்தேன். வீட்லயும் நான்தான். உசிரு போறப்பக்கூட அவ கை என் கையிலதானுங்க இருந்துச்சு. கடல் தாண்டிப் போனது நானில்லீங்களே.”

“இல்லீங்க.”

குழந்தைவேலு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தான் அனுப்பியதைத் திறந்தார். கண்ணாடி இல்லாததால் தூரமாகப் பிடித்து, வாய்விட்டுப் படித்தார். “மன்னிப்பே கிடையாது” என்ற இடத்துக்கு மேல் படிக்க வரவில்லை. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப பாப்பா ஒரு வேலையில மாட்டியிருந்தாளுங்க. அடுத்த வாரம் வர்றேன்ப்பா, அடுத்த வாரம் வர்றேன்ப்பான்னு ரெண்டு வாட்டி டிக்கெட்டைத் தள்ளிப் போட்டா. நான் ஒண்ணுமே சொன்னதில்லீங்க. வேலையைப் பாரு கண்ணுன்னுதான் சொன்னேன். சாவு வீட்டுல அவ என் மூஞ்சியைப் பாக்கல. என் மேல கோவம்னு நெனச்சுட்டேன்.” உள்ளங்கையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தார். “புள்ள மண்டி போட்டுட்டு உக்காந்திருந்திருக்கறா. நான் சோறு தின்னுட்டு வந்து வெட்டியிருக்கேன்.”

“உங்களையே நெனச்சுத்தானே வெட்டுனீங்க?”

“ஆமாங்க.”

பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்.

“முக்கால்வாசி.”

“மீதி?”

“ருக்கு கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டுக் கெடந்தாளுங்க. வண்டிச் சத்தம் கேட்டா கண்ணு அங்க போகும். அதைப் பாக்கறப்ப எனக்கு... பாப்பா வரலையேன்னு இருந்துச்சு. அந்தக் கோவம் வெட்டறப்பக் கையில இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. வெட்டறப்ப ஒரு... நல்லாத்தான் இருந்துச்சு.”

அடிகள் சிதறிக் கிடந்த கொட்டைகளை ஒதுக்கிக் குவித்தார்.

“வந்ததும் ஒண்ணு கேட்டீங்க. வேங்கையன் செஞ்சது நியாயமா, சுயநலமான்னு. சொல்லட்டுங்களா?”

குழந்தைவேலு அவசரமாகத் தலையை ஆட்டினார்.

“வேண்டாமுங்க சாமி. அது எனக்கு வேண்டாம்.” போனை மறுபடி எடுத்துத் தடவினார். “நான்னு நெனச்சு வெட்டிட்டேன், நீன்னு தெரியாது கண்ணுன்னு எழுதட்டுங்களா?”

“எழுதலாம்.”

“நம்புவாளா?”

“நம்பாமயும் போலாம்.”

“அப்பன் சாக்குச் சொல்றான்னு நெனப்பா.”

“நெனைக்கலாம்.”

“அந்தக் கால்வாசியையும் சொல்லோணுங்களா?”

“அது உங்க பொண்ணுக்கு முன்னாலயே தெரியுமுங்க. அது தெரிஞ்சுதான் கதையே எழுதியிருக்கறாங்க.”

குழந்தைவேலு எழுத ஆரம்பித்தார். ‘கண்ணு’ என்று எழுதினார். அழித்தார். மறுபடி ‘கண்ணு’ என்று எழுதினார். தறியின் ஊசித் துளைக்குள் நூல் கோத்த விரல்கள், ஒரு வார்த்தைக்கு மேல் போகத் தெரியாமல் போன் திரை மேல் நின்றன.

“எழுத வேண்டாமுங்க” என்றார் அடிகள். “கூப்பிடுங்க.”

குழந்தைவேலு நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார். கணக்குப் போட்டார்.

“அங்க இப்ப நடுராத்திரிங்க சாமி. புள்ள தூங்கிட்டிருப்பா. காலையில கூப்பிடறேன்.”

அடிகள் போனை எடுத்து, அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

“நீங்க அதை அனுப்புன நாள்ல இருந்து அந்தப் புள்ள தூங்கியிருக்கும்னு நெனைக்கறீங்களா?”