அண்ணாச்சி மாதிரி ஒரு பேச்சு

வார்டு தேர்தலில் ரைஸ்மில் ரத்தினபாண்டி அண்ணாச்சி தும்மினால்கூடப் பேப்பரில் "சிங்கம் கர்ஜித்தது" என்று வரும். எதிர்த்து நின்ற மாவுக்கடை இசக்கியம்மாள் வாயைத் திறந்தாலே "கூச்சலிட்டார்" என்று வரும், கூடவே சேலை நிறமும். அதைப் படித்தே அவளுக்கு விழவேண்டிய ஓட்டெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

நிருபர் குலசேகரனைக் கடைவீதியில் மறித்து நியாயம் கேட்டாள்.

"அண்ணாச்சி மாதிரி பேசிப் பாருங்கக்கா, நல்லா எழுதுதேன்" என்று சிரித்தான்.

"அவ்வளவுதானே தம்பி? பேசிட்டாப் போச்சு."

அன்று சாயங்காலமே தேரடியில் மைக்கைப் பிடித்து முழங்கினாள். காலையில் பேப்பர் வந்தது: "பச்சைச் சேலையில் வந்த இசக்கியம்மாள், தலையும் வாலும் இல்லாமல் உளறிக் கொட்டினார்."

டீக்கடையில் அண்ணாச்சி அதைச் சத்தம்போட்டு வாசித்து, தொடையைத் தட்டிச் சிரித்தார். "உளறல்னா இப்படில்லா இருக்கணும்! உள்ளதை உள்ளபடி எழுதிட்டீரு வே!" பக்கத்தில் இருந்த குலசேகரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாவு வாளியோடு வந்த இசக்கியம்மாள், போனை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். போன வாரம் அதே தேரடியில் அண்ணாச்சி பேசிய பேச்சு ஓடியது. கடையே காது கொடுத்தது. நேற்று அவள் பேசியதும் அதேதான். பேரையும் சின்னத்தையும் தவிர ஒரு சொல் மாறவில்லை.

"தம்பி சொன்னாருன்னு உங்களை மாதிரியே பேசினேன் அண்ணாச்சி. அதை உளறல்னு நான் சொல்லலை."

கடை சிரிப்பில் குலுங்கியது. அண்ணாச்சி எழுந்து நிருபரின் சட்டைக் காலரைப் பிடித்தார். "ஏல, என் பேச்சையா உளறல்னு எழுதினே?"

மறுநாள் பேப்பர் இப்படி வந்தது: "வெள்ளை வேட்டியில் வந்த ரத்தினபாண்டி பேசினார். பச்சைச் சேலையில் வந்த இசக்கியம்மாள் பேசினார்."