முந்நூறு கைப்பட்டைகளும் ஒரு வாளி மோரும்

"ஒரு கேள்விதான் கேக்கறேன் சாமி. முந்நூறு பேரும் ஒண்ணாப் பதில் சொல்றாங்க. ஒருத்தர் சொல்றதும் விளங்கல."

சொன்னவர் திருமேனி, ஐம்பத்திரண்டு வயது இன்ஜினியர். கேட்டுக்கொண்டிருந்தவர் ஆனைக்கல் மலையடிவாரத்தில் அன்னதானக் கூடம் நடத்தும் சாமியம்மா. அவரைவிடப் பத்து வயது இளையவர்.

மலையேறுகிறவர்களின் கையில் சிப் வைத்த மஞ்சள் பட்டை கட்டுவது திருமேனியின் ஏற்பாடு. இறங்கும் வழியில் ஒரு கருவி வாசல் உண்டு. அது ரேடியோ அலையில் யார் யார் என்று கேட்கும். பட்டைகள் தத்தம் எண்ணைச் சொல்லும். கூட்டமாக வந்தால் எண்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்; சில பதிவாகாமலே போகும்.

போன பௌர்ணமிக்கு இருபத்திரண்டு பேர் இறங்கவில்லை என்றது வாசல். தேடினால் இருபத்தோரு பேர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் ஒருவரும் அப்படித்தான் இருப்பார், இந்த மெஷினுக்கு வேறு வேலையில்லை என்று எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

அந்த ஒருவர், வயதான அம்மாள், கால் முறிந்து ஓடைக்கரையில் இரண்டு நாள் கிடந்தார்.

நாளை மறுநாள் அடுத்த பௌர்ணமி. திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன செஞ்சு பாத்தீங்க?"

"பவரைக் கூட்டினேன். இன்னும் குழம்புது."

சாமியம்மா ஒரு வாளி மோரை நீட்டினார்.

"சாமி, நான் கேட்டது..."

"பந்தி எந்திரிச்சுரும். போங்க."

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் திருமேனி வாளியோடு போனார். அறுபது இலை. கூடத்துக் கதவருகில் நின்று, "மோர் யாருக்கு?" என்றார்.

"இங்க."

அறுபது வாயும் ஒரே சமயத்தில் சொன்னால் எங்கே என்று போவது? இன்னும் உரக்கக் கேட்டார். வெளியே அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்களும் சேர்ந்து, "இங்க" என்றார்கள்.

அங்கும் இங்கும் ஓடினார். ஒரு மீசைக்காரருக்கு மூன்று தடவை ஊற்றினார். அந்த மனிதரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எத்தன பேருக்கு ஊத்துனீங்க?" என்றார் பின்னால் வந்த சாமியம்மா.

"முப்பது தடவை..."

"எத்தன பேருக்கு?"

திருமேனி நிறைந்த டம்ளர்களை எண்ணத் தொடங்கினார்.

சாமியம்மா வாளியை வாங்கிக்கொண்டார். குரலைத் தணித்தே பேசினார்.

"தூணுக்கு அந்தப் பக்கம் பேசாதீங்க. இந்தப் பக்கம் மட்டும்."

இன்னும் இரைச்சல்தான்.

"இதுல சன்னலோரம் மட்டும்."

நாலைந்து குரல்.

"அதுல முதல் பாய் மட்டும்."

ஒரே குரல். ஊற்றினார். "வாங்கியாச்சுன்னா டம்ளரைக் கையால மூடிக்குங்க. மறுபடி கூப்பிடக் கூடாது." மீசைக்காரர் அசடு வழிந்து மூடிக்கொண்டார்.

"இப்படித் துண்டு துண்டாக் கேட்டா நேரமாகுமே சாமி?"

சாமியம்மா அடுத்த பாய்க்கு நகர்ந்தார். பாய் பாயாகக் கூடம் அடங்கிக்கொண்டே வந்தது. அடுத்த பந்திக்கு இலை நறுக்கி முடிக்கும் முன்பே வாளியில் ஒரு கரண்டிதான் மிச்சம்.

"இன்னும் யாருக்காவது?"

கதவு மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. சாமியம்மா வாளியைத் திருமேனியிடம் கொடுத்தார்.

அங்கே ஓர் அம்மாள் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் பட்டை. இன்னும் அவிழ்க்கவில்லை.

அவர் டம்ளரை நீட்டினார்.

"அப்பப் புடிச்சுச் சொல்லிட்டுத்தான் இருக்கேன் தம்பி. அந்தச் சத்தத்துல உங்க காதுல விழல."