புகை எழாத ஊர்

வெகு காலத்துக்கு முன்னே, வடக்கே ஒரு பெரிய ராஜ்ஜியமும் தெற்கே ஒரு பெரிய ராஜ்ஜியமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, நடுவே சின்னதாக இடையாறு என்றொரு நாட்டை இளவெயினன் என்ற ராஜா ஆண்டுவந்தான். யார் சண்டையிலும் யார் பக்கமும் சேருவதில்லை என்பது அந்த நாட்டின் வைராக்கியம். இருந்த படை முந்நூறு பேர். எந்த நாட்டுக்காரன் வந்தாலும் ஆயுதத்தை ஆற்றங்கரையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுவதுதான் அவர்கள் வேலை. ஊர் நிம்மதியாக இருந்தது.

ராஜாவுக்குத்தான் நிம்மதி பிடிக்கவில்லை. வடக்கு ராஜா வீட்டுக் கல்யாணத்தில் படை அணிவகுப்பைப் பார்த்துவிட்டு வந்தவன், சபையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அங்கே படை நடந்து முடிய ஒரு பகல் போதவில்லை. நம் படை நடந்தால் நான் தும்மி முடிப்பதற்குள் போய்விடும். வெட்கக்கேடு!"

தளபதி மழவராயனுக்கு வாயெல்லாம் பல். மந்திரி சேந்தனார் பேச்சுத்தான் சபையில் எடுபடுகிறது என்று வெகுநாளாக அவனுக்கு வயிற்றெரிச்சல். "வீட்டுக்கு ஓர் ஆள் கொடுங்கள் அரசே, பெரும்படை காட்டுகிறேன்" என்றான்.

சேந்தனார் எழுந்தார். "அரசே, நம்மிடம் பெரிய படை இல்லாததால்தான் இரண்டு பெரியவர்களும் நம் பக்கம் திரும்பாமல் இருக்கிறார்கள். படை திரட்டினால் 'யார்மேல் பாய?' என்று இருவருமே கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?"

"மந்திரியாருக்கு இப்போதே கால் நடுங்குகிறது!" என்று தளபதி சிரித்தான். ராஜாவும் சிரித்தான். ராஜா சிரித்தால் சபை சிரிக்காமல் இருக்குமா?

"சரி, வீடுகளை எப்படி எண்ணுவீர்கள் தளபதியாரே? ஆள் கேட்டால் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே வீடு என்பார்களே?" என்று கேட்டார் சேந்தனார்.

"கோட்டைக் கோபுரத்தில் ஏறிப் பார்ப்பேன். அடுப்புப் புகை எழும் வீடெல்லாம் ஓர் ஆள் தர வேண்டும். புகையை எவன் ஒளிப்பான்?"

"அருமை! அதே வார்த்தையில் முரசு அறையட்டும்" என்றார் சேந்தனார். இடையாற்றில் ஒரு வழக்கம் உண்டு. முரசறைந்த ஆணையை ராஜா அப்படியே திரும்பப் பெறலாம். ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது.

முரசு அறைந்து, புகை எண்ண ஒரு நாளும் குறித்தார்கள். தளபதிக்குப் பொறுமை ஏது? புகையை எண்ணும்வரை காத்திராமல், ஆற்றோரத்து இளவட்டங்களை அன்றே வளைத்துப் பிடித்து, சதுப்பு நிலத்தில் மதில் கட்ட இறக்கிவிட்டான். காய்ச்சல் பிடிக்கிற இடம் அது. பிடிபட்டவர்களில் ஒருவன் பொறையன். பரிசல் ஓட்டிப் பிழைக்கும் நங்கை என்ற விதவைக்கு ஒரே மகன்.

அவள் மந்திரி வாசலில் வந்து விழுந்தாள். "சாமி, எம்மவனுக்குத் துடுப்பு புடிக்கத்தான் தெரியும். வாள் புடிக்கத் தெரியாது. அவன எங்கிட்டக் குடுத்திருங்க சாமி."

"கொண்டுவந்து கொடுக்கிறேன் தாயே. நீ ஒன்று செய்ய வேண்டும். ஆணை திரும்பும்வரை ஊரில் ஒருவரும் அடுப்பு மூட்டக்கூடாது. பரிசலில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்."

சொன்னாள். ஊர் அடுப்பை அணைத்தது. பழையசோறு தீர்ந்தது. அப்புறம் ஊறவைத்த அவல், பச்சைப் பயறு, வெள்ளரிக்காய். பிள்ளைகள் சூடாகக் கஞ்சி கேட்டு அழுதன. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர்கூட இல்லை. கதை சொல்கிற நாம் சுலபமாகத் தந்திரம் என்று சொல்லிவிடுகிறோம். பசித்த வயிற்றுக்கு அது வெறும் பசிதான்.

குறித்த நாளில் தளபதி ராஜாவையும் மந்திரியையும் அழைத்துக்கொண்டு பெருமையாகக் கோபுரம் ஏறினான். கீழே ஊர் கிடந்தது. அரண்மனையிலும் தளபதி மாளிகையிலும் தவிர எங்கும் புகை இல்லை.

ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாவு விழுந்த வீட்டில்தானே அடுப்பு எரியாது? "சேந்தனாரே, ஊர் முழுக்க அணைந்து கிடக்கிறதே. யார் செத்தது?"

"இன்னும் யாரும் சாகவில்லை அரசே. சாகப்போகிறவர்களுக்கு இப்போதே துக்கம் காக்கிறார்கள். படை வந்தால் பகை வரும். பகை வந்தபின் அழ நேரம் இருக்குமோ என்னவோ! ஆணைப்படி புகை எழும் வீடு இரண்டு. இளவரசரையும் தளபதியார் மகனையும் சதுப்புக்கு அனுப்பிவிடலாமா?"

"ஐயோ, என் மகனா!" என்று தளபதி பதறினான். "அங்கே போனவனுக்கெல்லாம் காய்ச்சல் அரசே!"

"அது உனக்கு முன்பே தெரியுமா?" என்றான் ராஜா. தளபதி ராஜா காலில் விழுந்தான்.

"வாளைக் கழற்றி வை. நீ கட்டிய மதிலை நீயே போய் இடி" என்றான் ராஜா. அப்போதே ஆணை திரும்பியது, பிடிபட்டவர்களை விடச்சொல்லி ஆள் ஓடியது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

மாலையில் கோபுரத்திலிருந்து பார்த்தால் ஊரெல்லாம் புகை. ராஜா பூரித்துப்போனான். "அந்த ஆற்றோரக் குடிசையில் மட்டும் ஏன் எரியவில்லை? முரசு கேட்கவில்லையோ?"

சேந்தனாருக்கு அது யார் குடிசை என்று தெரியும். இறங்கி ஓடினார்.

பொறையனை மற்றவர்கள் தோளில் சுமந்து கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். முந்தின நாளே காய்ச்சல் அவனை முடித்துவிட்டது.

நங்கை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்ன மாதிரியே கொண்டாந்து குடுத்துட்டீங்க சாமி."

மந்திரி முத்துமாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுவர அவளுக்கு உறவு கிடையாது. ராஜாவே பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் தொடவில்லை.

இடையாறு அப்புறம் படை பெருக்கவில்லை. இரண்டு பெரியவர்களும் அதைத் தொடவுமில்லை. நாடு நன்றாகத்தான் இருந்தது. அடுப்பை அணைக்கச் சொன்ன நேரத்தில் மந்திரி நேரே சதுப்புக்குப் போய் மீட்டிருந்தால் மகன் பிழைத்திருப்பானே என்பது நங்கையின் ஆறாத கோபம். கடைசிவரை அவள் மந்திரியைத் தன் பரிசலில் ஏற்றவில்லை. அவரும் ஏற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் சுற்றுவழியாகவே நடந்து போனார்.