மிதித்தவன் பேர்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் நாச்சிமுத்து. அவனைச் சொன்ன பிறகுதான் குருவைச் சொல்ல முடியும்.

எங்கள் பக்கத்தில் உழுது போட்ட காட்டில் முதல் மழை விழுந்தால், மறுநாள் காலையில் கல் பொறுக்கப் போவோம். வெயிலைப் பார்த்து நடக்க வேண்டும். அப்போதுதான் கல் மினுங்கும். மினுங்கினால் வாயைத் திறக்கக் கூடாது. விரலை நீட்டக் கூடாது. பேசாமல் போய்க் காலை வைத்துவிட வேண்டும். கல் கண்டவனுக்கு இல்லை. மிதித்தவனுக்கு.

இது எனக்குத் தெரியாததா? நாற்பது வருஷம் பொறுக்கியவன் நான்.

ஆனால் அன்று மினுங்கியது சந்திரகாந்தக் கல். கோழிமுட்டை அளவு. உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் ஓடியது. என்னை மறந்து, "அதோ!" என்று கையை நீட்டிவிட்டேன்.

நாச்சிமுத்து அதன்மேல் நின்றான்.

"அது நான் பார்த்ததுப்பா."

"பார்த்தது நீதான். யாரு இல்லேன்னா? மிதிச்சது நான்."

"காலை எடு."

"நீ கண்ணாலயே எடுத்துக்க சென்னியப்பா," என்று சிரித்தான்.

காட்டில் சும்மா கிடக்கும் வெள்ளை வெங்கச்சாங்கல்லுக்கும் சந்திரகாந்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் அவன்.

கரட்டுக் குன்றின் அடியில் ஓட்டு வீட்டில் இருக்கும் தவமணியம்மாதான் எங்கள் இருவருக்கும் குரு. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். காலேஜில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் சொன்னவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்லோடேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் முதலில் போனவன் நான். நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்.

அவன் அந்தக் கல்லை அவருக்கே கொடுத்தான். அவர் அதைப் பலகையில் வைத்து அடியில் ஒரு சீட்டு எழுதினார். 'நாச்சிமுத்து கண்டெடுத்தது.'

கண்டெடுத்ததாம்!

அன்றிலிருந்து யார் கல் கொண்டுவந்தாலும், "நாச்சிமுத்தண்ணா, தட்டிப் பாருங்க," என்பார். அவன் சுத்தியலால் தட்டுவான். அவர் காதைச் சாய்த்துக் கேட்பார்.

என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்துங்கண்ணா," என்பார்.

நனைந்தால்தான் கல்லின் நிறம் தெரியும். நிறத்தைக் கொண்டுவருபவன் நான். பேர் அவனுக்கு.

நான்கு வருஷம் பொறுத்தேன். அவன் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் கேட்டே விட்டேன்.

"அம்மா, அந்தச் சீட்டுல பேரு தப்புங்க."

"யாரு பேரு இருக்கணும்?"

"என் பேருங்க. இல்லேன்னா அவன் உங்க முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். முதல்ல பார்த்தது சென்னியப்பன்னு. அது போதும் எனக்கு."

அவர் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். நீலம் ஓடியது.

"பூமிக்குள்ள சூடா இருந்தப்ப இதுல ரெண்டு சரக்கு ஒண்ணாக் கலந்து கெடந்துச்சு," என்றார். "அப்புறம் மெல்ல ஆறுச்சு. ஆற ஆற ரெண்டும் பிரிஞ்சு, ஏடு ஏடாப் படிஞ்சுது. அந்த ஏட்டுல பட்டுத் தெறிக்கற வெளிச்சந்தான் இந்த நீலம். பிரியாம இருந்திருந்தா இது வெறும் கல்லுங்கண்ணா."

நான் நன்றாக யோசித்தேன்.

"அதுல எது முதல்ல பிரிஞ்சுதுங்க?"

அவர் கையை நீட்டினார். கல்லை வாங்கிப் பலகையில் வைத்தார். அதே சீட்டின்மேல்.

"வாங்க, காட்டுக்குப் போலாம்."

போனோம்.

"எங்க நின்னு பார்த்தீங்க?"

நின்று காட்டினேன். வேலமரத்துக்கு நேராக. எப்படி மறக்கும்?

அவர் என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் தெற்கே, சுண்டுவிரல் வடக்கே இருக்க, கையை விரித்து மண்ணில் வைத்தார்.

"நாம நிக்கற நிலம் மொத்தமும் ஒரு பெரிய பாறைத் தட்டு. அது வடக்கே நகர்ந்துக்கிட்டே இருக்குது. நகம் வளர்ற வேகந்தான். அங்க போயி முட்டுன முட்டுல எந்திரிச்சதுதான் இமயமலை."

"சரிங்க."

"நாலு வருசத்துல ஒரு சாண் போயிருக்கும். நீங்க கல்லைப் பார்த்த எடம் இப்ப அந்த எடத்துல இல்லீங்க. நீங்க மட்டும் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

நாச்சிமுத்துவாக இருந்தால் தலையை ஆட்டியிருப்பான். ஆட்டித்தான் அவன் நல்ல பேர் வாங்கினான்.

நான் அந்தச் சாணைப் பார்த்தேன்.

"அவன் மிதிச்ச எடங்க?"

"அதுவும் போயிருக்கும்."

"எவ்வளவுங்க?"

"அதே ஒரு சாண்."

"எனக்கும் அவனுக்கும் நடுவுல அன்னிக்கு நாலு எட்டுங்க. இப்ப?"

அவர் கை மண்ணிலேயே இருந்தது.

"நாலு எட்டுதான்."

"நூறு வருசம் கழிச்சு?"

"நாலு எட்டுதான்."

"இமயமலையே எந்திரிச்சிருச்சு. இந்த நாலு எட்டு கொறையலீங்களா?"

அவர் எழுந்தார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். நாச்சிமுத்துவைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான்கு வருஷத்தில் அதுதான் முதல் முறை.

"ஒரே தட்டு மேல இருக்கற ரெண்டு எடம் தானா நெருங்காதுங்கண்ணா," என்றார். "யாராவது ஒருத்தர் நடக்கணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

நடக்க வேண்டியவன் நாச்சிமுத்து. இன்னும் வரவில்லை.