ரோமாபுரிக்குப் போன புதுச்செருப்பு

ஒரு ஊர்ல ஒரு பாத்திரக்கடைக்காரரு இருந்தாராம். ஊரு அருப்புக்கோட்டை, அவரு பேரு கனகவேலு. நீ "ம்" சொன்னாத்தான் கதை நகரும். எங்க, சொல்லு. ம்... அப்படித்தான்.

அந்தக் கனகவேலுக்குத் தெரியாத விசயமே இந்த உலகத்துல கெடையாதாம். யாரு சொன்னா? அவரேதான் சொல்லிக்குவாரு. மழை என்னைக்கு வரும், பாலத்தை எப்படிக் கட்டிருக்கணும், டாக்டரு எந்த மாத்திரையை எழுதிருக்கணும், எல்லாம் அவருக்குத் தெரியும். கடையில, கல்லாப்பெட்டிக்குப் பின்னால, ஒரு சுத்துற நாற்காலி உண்டு. காலையில அதுல உக்காந்தாருன்னா பொழுது சாயிற வரைக்கும் கிர்ர்ர்னு இந்தப் பக்கம், கிர்ர்ர்னு அந்தப் பக்கம். அம்புட்டுதான் அந்த மகராசரு பாத்த வேலை.

ஏணியில ஏறி அண்டாவை இறக்குறது, குக்கர் மூடியைத் தெறந்து வாசரை மாட்டிக் காட்டுறது, வந்தவங்ககிட்ட நயமாப் பேசி விக்கிறது, எல்லாம் அவரு சம்சாரம் மாரீஸ்வரி. நின்னு நின்னு அந்தப் பிள்ளைக்குக் காலு வீங்கிப்போகும். ஆள் இல்லாத நேரம் செத்த உக்காருவோம்னு நாற்காலிகிட்டப் போனா, பொம்பள உக்காந்தா கல்லா விளங்குமான்னு கேப்பாராம். அப்படி வெளக்கி வச்சவரு இவருதான் பாரு.

அப்போ ஒரு நாளு குக்கர் கம்பெனிக்காரங்க வந்தாங்களாம். இந்த வருசம் உங்க கடையிலதான் நெறைய குக்கர் வித்திருக்கு, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ரோமாபுரியைச் சுத்திப் பாத்துட்டு வாங்க, எங்க செலவுன்னாங்களாம். மாரீஸ்வரி ஈரக் கையைச் சேலையில தொடச்சுக்கிட்டு ஓடியாந்து நின்னா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "இவளையா? பஸ்ஸ்டாண்டுல விட்டா வீடு வந்து சேர மாட்டா. எனக்கு ஒத்தச் சீட்டு போதும்." கூட ஒரு வழிகாட்டி வருவான்னாங்க. அவனும் வேண்டாமாம். எனக்கு எவன் வழி காட்டணும்னு மீசையைத் தடவிக்கிட்டாராம்.

மாரீஸ்வரி தொடச்ச தூக்குவாளியையே திரும்பத் திரும்பத் தொடச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா. "சரி, போயிட்டு வாங்க. ஆனா அங்க நின்னுக்கிட்டு, மாரி என்ன செய்யன்னு ஒரே ஒரு வாட்டி என்கிட்ட கேட்டுட்டீங்கன்னா, இந்த நாற்காலி எனக்கு."

கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. கடைக்கு வந்த சனம் அத்தனை பேருக்கும் முன்னாலயே, "கேட்டா நீ உக்காந்துக்க, நான் ஏணியில ஏறுறேன்"னுட்டாரு. வாய் இருக்கே, அதுக்கு வாடகையா குடுக்கணும்?

ம் சொல்லு. ம்.

அப்புறம் புதுத் தோல் செருப்பு ஒண்ணு வாங்குனாரு. நடந்தா கிறீச் கிறீச்னு சத்தம் வரும். தோள்ல கரை போட்ட வெள்ளைத்துண்டு. சொய்ய்ய்ங்... ஏரோப்பிளேன் பறந்துச்சு. ரோமாபுரியில எறங்கிட்டாரு. ஓட்டல்ல பெட்டியை வச்சாரு, கிறீச் கிறீச்னு கெளம்பிட்டாரு.

அங்க வட்டமா, பெருசா, இடிஞ்ச கட்டடம் ஒண்ணு. உலகமே வந்து அண்ணாந்து பாக்குது. இவரு பாத்தாரு. நம்ம பழைய பஞ்சுமில்லும் இப்படித்தான் இடிஞ்சு கெடக்கு, அதை ஒருத்தனும் பாக்க வர்றதில்லன்னு சொந்தக்காரங்க வாட்ஸப்புல எழுதிப் போட்டாரு. காப்பி கேட்டாரு, பச்சப்பிள்ளைக்குச் சங்குல மருந்து ஊத்துற அளவுக்குக் குடுத்தான். டம்ளரு எங்கடான்னு தமிழ்லயே கேட்டாரு. அவன் சிரிச்சான். இவரு ஊரையே திட்டிக்கிட்டு வெளிய வந்துட்டாரு.

அப்போ தெருமுக்குல ஒரு குழாய். இரும்புத் தூணு, அதுல வளைஞ்ச மூக்கு, மூக்குல இருந்து தண்ணி சளசளசளன்னு கொட்டிக்கிட்டே இருக்கு. ஒரு குடம் கெடையாது, ஒரு வாளி கெடையாது. பாத்ததும் கனகவேலுக்கு நெஞ்சு பதறிப்போச்சு. நம்ம தெருவுல தண்ணி வந்தா எப்படி ஓடுவோம்? பல்லு வெளக்குறதைப் பாதியில விட்டுட்டு ஓடுவோம்ல. அந்தப் பதற்றம் அவருக்கும் உண்டு, அதை மட்டும் கொறை சொல்ல முடியாது. எவன்டா தெறந்து போட்டுட்டுப் போனான்னு, மூடுற திருகைத் தேடுறாரு. மேல தேடுறாரு, கீழ தேடுறாரு, தூணைச் சுத்திச் சுத்தி வர்றாரு. திருகே இல்ல. அந்த ஊருல அது எப்பவுமே அப்படித்தான் ஓடுமாம். பக்கத்துல ஒரு கெழவி நின்னா, கேட்டிருக்கலாம். கேப்பாரா? உள்ளங்கையை வச்சு மூக்கை அழுத்தி அடைச்சாரு.

அந்த மூக்குக்கு மேல பொடி ஓட்டை ஒண்ணு இருக்குறது இவருக்குத் தெரியாதே. சர்ர்ர்ர்னு தண்ணி பீச்சியடிச்சுச்சு. மூஞ்சி, மீசை, துண்டு, சட்டை, எல்லாம் சொட்டச் சொட்ட. கெழவி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. கை தானா செல்போனுக்குப் போச்சு. மாரின்னு பேரைக்கூட எடுத்துட்டாரு. நாற்காலி ஞாபகம் வந்துச்சு. டப்புனு உள்ள வச்சுட்டாரு. குழாயைப் போட்டோ பிடிச்சு, ஊதாரி ஊரு, தெருவுக்குத் தெரு ராவும் பகலும் தண்ணியை வீணாக்குறான்னு குரூப்புல போட்டதோட சரி. நனைஞ்ச கதையைப் போடல.

ம் சொன்னியா? கேக்கலையே. ம், சரி.

மறுநாளு பஸ்ஸுல ஏறுனாரு. பெரிய மாதா கோயில் பக்கம் எறங்கணும். சன்னலோரமா உக்காந்துக்கிட்டு கண்டக்டருக்காகக் காத்திருக்காரு. கண்டக்டரு வருவாரு, ஊரு பேரைச் சொல்லிக் கத்துவாரு, விசில் ஊதுவாரு, நாம கெத்தா எறங்குவோம்னு நெனப்பு. அங்க ஏது கண்டக்டரு? எறங்குறவங்க கம்பியில இருக்குற பொத்தானை டிங்குனு அமுக்குறாங்க, பஸ் நிக்குது, எறங்கிப் போறாங்க. கண்ணு முன்னால டிங், டிங், டிங்குனு எத்தனை பேரு அமுக்குறாங்க. இவரு பாக்கணும்ல. சின்னப்பிள்ளைங்க வெளையாடுதுகன்னு நெனச்சாராம்.

கோயில் வந்துச்சு. போச்சு. ஆறு வந்துச்சு. போச்சு. பஸ் போயி ஊருக்கு அந்தாண்ட கடைசியில நின்னுச்சு. டிரைவரு எறங்கிக் காப்பி குடிச்சுட்டு வந்தாரு, இவரு அப்படியே உக்காந்திருக்காரு. திரும்பவும் டர்ர்ர்ர். திரும்பவும் ஆறு, திரும்பவும் கோயில். ஹோல்டான், ஹோல்டான்னு எந்திரிச்சுக் கத்துறாரு, அதுக்குள்ள அதுவும் போச்சு. வயிறு கூப்பாடு போடுது, மீசைக்குள்ள வேர்வை. இந்த பஸ்ஸுக்குள்ளயே செத்துப்போவோமோன்னு உள்ளுக்குள்ள திக்கு திக்குங்குது. அப்பவும் செல்போனை எடுத்தாரு, அப்பவும் வச்சாரு. கூட்டத்தோட கூட்டமா எங்கயோ எறங்கி, நடந்தே ஓட்டலுக்கு வந்தாரு. ரோமாபுரி பஸ்ஸு சுத்த மோசம்னு குரூப்புல போட்டாரு. பஸ்ஸு என்ன பண்ணும் பாவம்.

மூணாம் நாளு ஞாயித்துக்கிழமை. பஸ்ஸே வேண்டாம்னு நடந்தே போனாரு. வழியில ஒரு சந்துக்குள்ள பழைய கோயில் ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. நல்ல உச்சி வெயிலு. சனமெல்லாம் செருப்பும் பூட்சுமா உள்ள போகுது, வருது. கனகவேலுக்கு வந்துச்சே கோவம். சாமி இருக்குற எடத்துக்குச் செருப்புக்காலோட போறானுகளே, மானங்கெட்டவனுகன்னு முனங்கிக்கிட்டு, படியில நின்னு தன் செருப்பைக் கழட்டுனாரு. அதுல தப்பில்ல. அதுக்கப்புறம் செஞ்சதுதான் அவரோட அறிவு.

செருப்புக்கு டோக்கன் குடுக்குற ஆளைத் தேடுனாரு, இல்ல. புதுச்செருப்பாச்சே, எவனும் மாட்டிக்கிட்டுப் போயிட்டா? திருவிழாக் கூட்டத்துல செய்வோமே, அதைச் செஞ்சாரு. கோயில் வாசல் தூணு வரிசையில ஒரு செருப்பை முதல் தூணுகிட்டப் போட்டாரு. இன்னொண்ணைத் தூரத்துல அந்தக் கடைசித் தூணுகிட்டப் போட்டாரு. ஒத்தச் செருப்பை எவன் திருடுவான்? என்னை ஏமாத்த முடியுமான்னு தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு, வெறுங்காலோட வாசல்ல நின்னு போட்டோ பிடிச்சு, இந்த ஊருலயே மரியாதை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு அனுப்பிட்டு உள்ள போனாரு.

திருடன் வரல கண்ணு. தெருக்கூட்டுற அம்மா வந்தா. சோடியாக் கெடந்திருந்தா, யாரோ கழட்டி வச்சிருக்காங்கன்னு அவளுக்கும் தோணிருக்கும். இங்க ஒத்தச் செருப்பு, அங்க ஒத்தச் செருப்பு. ஒத்தச் செருப்புன்னா என்ன? குப்பை. சரட் சரட்டுனு கூட்டி, பொத்துனு வண்டியில போட்டுட்டுப் போயிட்டா.

சாமி கும்பிட்டு வெளிய வந்தாரு. இந்தத் தூணுகிட்ட இல்ல. அந்தத் தூணுகிட்டயும் இல்ல. குப்பை வண்டி கடகடன்னு தூரத்துல போகுது, மேல ஒத்தக் கிறீச்சு எட்டிப் பாக்குது. ஏ ஏன்னு ஓடுனாரு. அந்த ஊருத் தெருவெல்லாம் கருங்கல்லு, உச்சி வெயில்ல தோசைக்கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு. சுள்! ஒத்தக்கால்ல நின்னாரு. சுள். அடுத்த கால்ல நின்னாரு. தையா தக்கான்னு குதிச்சுக்கிட்டே திரும்பி வந்து படி நெழல்ல உக்காந்துட்டாரு. சந்துல இருந்த கடையெல்லாம் சாத்தியிருக்கு. ஓட்டலோ ரொம்பத் தூரம். உள்ளங்காலு பழுத்த மெளகாய் மாதிரி செவந்துபோச்சு. அவ்வளவு பெரிய மனுசருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்போதான் போனைப் போட்டாரு. போட்டாலும் கேக்கக் கூடாதுன்னு இருக்காரு. சும்மாதான் போட்டேன், அங்க மழை பெஞ்சுச்சா, யாவாரம் எப்படின்னு ஊர்ப்பட்ட நலம் விசாரிக்கிறாரு. மாரீஸ்வரி எல்லாத்துக்கும் நிதானமாப் பதில் சொன்னா. அப்புறம் கேட்டா, "கால் சுடுதா?"

இவரு குரூப்புல போட்ட போட்டோவுல அவ வெறுங்காலைப் பாத்துட்டா. எத்தனை திருவிழாவுல இவரு ஒத்தச் செருப்பைத் தேடி அவ அலைஞ்சிருப்பா? அவளுக்குத் தெரியாதா?

"சுடுது"ன்னாரு, ரொம்ப மெதுவா.

அவ காத்துக்கிட்டு இருக்கா. கடையில ஆளு வந்து கூப்பிடுற சத்தம் கேக்குது, அவ நகரல. இவரு தெருவைப் பாத்தாரு, காலைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு.

"மாரி, என்ன செய்ய?"

அப்போ போனுக்குள்ள ஒரு சத்தம். கிர்ர்ர். என்ன சத்தம் அது, சொல்லு பாப்போம்? ம், நாற்காலிதான். சாஞ்சு உக்காந்துக்கிட்டுச் சொன்னா. "தோள்ல துண்டு கெடக்குல்ல? ரெண்டாக் கிழிச்சு கால்ல சுத்துங்க. வழியில நீங்க திட்டுன குழாய் இருக்கும், அதுல நல்லா நனைச்சுக்கிட்டு நடங்க. காஞ்சா அடுத்த குழாயில நனைங்க."

இதுக்கு ஒரு மூளை வேணுமா? அவருக்கு வேணுமாம். கரைத்துண்டு டர்ருனு கிழிஞ்சுச்சு. ஊதாரிக் குழாயிகிட்டப் போயி காலை நீட்டுனாரு, அது சளசளன்னு நனைச்சு விட்டுச்சு. சதக் பொதக், சதக் பொதக்னு வீதியில நடக்குறாரு. இடிஞ்ச கட்டடத்தைப் பாத்துக்கிட்டு இருந்த கூட்டம் பூராம் அதை விட்டுட்டு இவரைப் பாக்குது. கிளிக், கிளிக்குனு போட்டோ வேற. ஊரைச் சுத்திப் பாக்கப் போனவரை ஊரே சுத்தி நின்னு பாத்துச்சு.

தூங்கிட்டியா? ம். இன்னும் கொஞ்சந்தான்.

ஊருக்கு வந்தாரு. கால்ல வேற புதுச்செருப்பு. கிறீச் கிறீச்னு கடைக்குள்ள நொழைஞ்சு, போன்ல சரியாக் கேக்கல, நான் ஒண்ணும் அப்படிக் கேக்கலையேன்னு ஆரம்பிச்சாரு. நாற்காலியில மாரீஸ்வரி. வீங்குன காலை ஒரு முக்காலி மேல நீட்டி வச்சிருக்கா. எந்திரிக்கவே இல்ல. அன்னைக்கு சாட்சிக்கு நின்ன அதே சனம் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்குது. அப்போ ஒரு அக்கா வந்து அஞ்சு லிட்டர் குக்கர் வேணும்னாங்க.

மாரீஸ்வரி கிர்ர்ர்னு திரும்புனா.

"ஏங்க, மேல் தட்டுல இருக்கு, ஏறி எடுங்க. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. ரெண்டையும் ஒரே எடத்துல கழட்டுங்க."

அவரு ஏணியில ஏறிட்டாரு, கதை எறங்கிருச்சு. நீ கண்ணை மூடு தங்கம்.