பகர அடைப்பு

காலை பத்து மணி. ஆய்வு உறுப்பினர் இடத்துக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பித்திருந்த பேராசிரியர் தணிகாசலம், பல்கலைக்கழகக் கல்வெட்டு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் மெஹருன்னிசா ஒரு காலத்தில் அவருடைய மாணவி.

“ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டியேம்மா. என்கிட்ட என்ன குறை?”

“ஒரு எழுத்து சார்.”

“எந்த எழுத்து?”

“ம.”

தணிகாசலத்தை ஊரறியச் செய்தது அந்த எழுத்துதான். ஏரி மதகில் இருந்த பழைய கல்வெட்டு ஒன்றை ‘மகள் செய்வித்த தூம்பு’ என்று அவர் படித்தார். எண்ணூறு வருடங்களுக்கு முன்பு ஒரு பெண் கட்டிய மதகு என்று நூல் எழுதினார். ‘மகள் தூம்பு’ இரண்டு பதிப்புகள் விற்றுத் தீர்ந்தன.

மெஹருன்னிசா அந்தக் கல்லின் மைப்படியை மேசையில் விரித்தார். கல்மேல் காகிதம் ஒட்டி, மை ஒற்றி எடுத்த படி.

“விரல் வெச்சுப் படிங்க சார்.”

“இந்த வயசுல எனக்கு அரிச்சுவடியா?”

“எங்களுக்கு நீங்க அப்படித்தான் சொல்லிக்கொடுத்தீங்க.”

அவர் விரல் வைத்தார். “மகள் செய்வித்த...”

“நில்லுங்க சார். ‘ம’வுக்குத் திரும்பி வாங்க.”

விரல் திரும்பி வந்தது.

“விரல் எங்க இருக்கு?”

அவர் குனிந்து பார்த்தார். கல் அந்த இடத்தில் உடைந்திருந்தது. மை படவில்லை. விரல் வெள்ளைக் காகிதத்தில் இருந்தது.

“அது மகள்தாம்மா. எனக்குத் தெரியும்.”

“இருக்கலாம். அடிகளா இருக்கலாம். மக்களா இருக்கலாம். கல்லுல இல்லாத எழுத்தை நாம சேர்த்தா பகர அடைப்புக்குள்ள போடணும். ஒரு தடவை நான் மறந்துட்டேன். பரீட்சையில சுழியம் போட்டீங்க.”

“போட்டேன்.”

“அழுதேன் சார்.”

“தெரியும்.”

மின்விசிறிக் காற்றில் மைப்படியின் ஓரம் எழும்பியது. அவர் அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

“அந்த ஊர்ப் பொம்பளைங்க ஆடிப் பெருக்கன்னிக்கு மதகுக்கு மாலை போடறாங்கம்மா. அந்த மகளுக்கு.”

“போடட்டும் சார். அவங்க கும்பிடறாங்க. நாம படிக்கிறோம்.”

“அடைப்பு போட்டா என் புஸ்தகத்துல என்ன மிஞ்சும்?”

“கள்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மெஹருன்னிசா மைப்படியைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

2016 ஆகஸ்ட் 2, ஆடிப் பெருக்கு. தணிகாசலத்தின் நூல் அந்த மதகடியில் மூன்றாம் பதிப்பு கண்டது. அட்டையில் ஆசிரியர் பெயருக்குக் கீழே ‘ஆய்வு உறுப்பினர்’ என்று இருந்தது. பெயருக்கு மேலே நூலின் தலைப்பு: [ம]கள் தூம்பு.