கட்டுமரம் ஆணி வாங்காத கதை

அந்தக் காலத்தில் மரக்கட்டைகளுக்கும் வாய் உண்டு. கடற்கரையில் சடையன் என்றொரு மீனவன் இருந்தான். மூன்று கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அவற்றின்மேல் ஏறிக் கடலுக்குப் போவான். போட்ட முடிச்சை அவன் ஒருநாளும் அவிழ்த்ததில்லை. அவிழ்த்தால் ஆளுக்கொரு பக்கமாக ஓடிவிடும் என்று பயம். பாவம், காய வழியில்லாமல் கட்டைகள் ஊறிக் கனத்துப்போயிருந்தன.

ஒருநாள் புதுத் தேசம் தேடி வந்த கப்பலைப் புயல் தூக்கி, கரைக்கு எதிரே கடலில் இருந்த பாறை வளையத்துக்குள் போட்டுவிட்டது. அதன் படகுகள் நொறுங்கிவிட்டன. குடிதண்ணீரும் தீர்ந்துவிட்டது. மாலுமிகள் துணியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்தார்கள்.

அதைக் கண்ட சடையனின் மனைவி அஞ்சலை, பானையில் தண்ணீர் கொண்டுபோனால் அலை கவிழ்த்துவிடும் என்று சொல்லி, இளநீர்க் குலைகளை வெட்டித் தந்தாள். குடிக்கத் தண்ணீர், தின்ன வழுக்கை, கடலில் விழுந்தாலும் மிதக்கும். கெட்டிக்காரி.

சடையன் குலைகளை ஏற்றிக்கொண்டு போனான். பாறை வளையத்தில் ஒரே ஓர் இடுக்குதான் இருந்தது. ஒரு கட்டை நுழையும், மூன்றும் சேர்ந்து நுழையாது. சடையன் எப்படியெல்லாமோ திருப்பிப் பார்த்தான். கப்பலில் ஒருவன் சுருண்டு விழுவது தெரிந்தது. சடையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நடுக்கட்டை பேசியது.

"எங்கள அவுத்து வுடு, சடையா. ஒவ்வொண்ணா உள்ள போய் ஒனக்காக நிக்கிறோம்."

"ஓடிப்போயிட்டா நடுக்கடல்ல நான் என்ன பண்றது?"

"இத்தன நாள் சொமந்தோமே, இப்பவா வுட்டுட்டுப் போவோம்?"

சடையன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முடிச்சை அவிழ்த்தான். கட்டைகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. இளநீர்க் குலைகளை இழுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நீந்தினான். உள்ளே மூன்றும் சொன்ன சொல் தவறாமல் காத்துக்கொண்டிருந்தன.

மாலுமிகள் இளநீரைக் குடித்து எழுந்தார்கள். கட்டைக்கு ஒருவராகப் பற்றிக்கொண்டு இடுக்கைத் தாண்டினார்கள். வெளியே வந்ததும் சடையன் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கரைக்கு ஓட்டினான். இப்படியே போய்ப் போய், பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். கரையே திரண்டு ஆர்ப்பரித்தது.

கப்பல் தலைவன் நன்றியோடு இடுப்பில் வைத்திருந்த இரும்பு ஆணிகளை நீட்டினான். இவற்றை அடித்துவிட்டால் கட்டைகள் ஒருபோதும் பிரியாது என்றான். சடையன் சிரித்தான்.

"பிரிஞ்சதுனாலதாங்க நீங்க பொழச்சீங்க."

சொல்லிவிட்டுக் கட்டைகளை அவிழ்த்து, வெயிலில் காயப் போட்டான்.

அன்று முதல்தான் கட்டுமரத்தில் ஆணி ஏறுவதில்லை. கடலுக்குப் போகும்போது கயிற்றால் கட்டுகிறார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்து விடுகிறார்கள். கட்டைகளும் இன்றுவரை ஓடிப்போகவில்லை.